விராலுக்கும் கொடுவாவுக்கும் ஒரே செட்: 3,500 ரூபாய்க்குள் லூர் தூண்டில் வாங்க முழு வழிகாட்டி

குமரி மாவட்டத்துத் தேங்காப்பட்டணத்தில் குழித்துறை ஆறு கடலில் சேர்கிறது. கேரள எல்லை தாண்டினால் பூவாரில் நெய்யாறு. இந்த இரண்டு பொழிமுகங்களுக்கும் பின்னால், மார்த்தாண்டம் பக்கமானாலும் பாறசாலைப் பக்கமானாலும், எங்கே திரும்பினாலும் ஒரு குளமோ கால்வாயோ தட்டுப்படும். உப்புத் தண்ணீரில் கொடுவாவும் செம்பல்லியும், நல்ல தண்ணீரில் விராலும் கிடக்கின்றன. மூன்றும் மறைவில் நின்று பாய்ந்து பிடிக்கும் மீன்கள். அதனால்தான் மூன்றும் செயற்கை இரையான லூருக்கு வாய் திறக்கின்றன.

லூர் தூண்டிலுக்குப் புதிதாக வரும் பையன்கள் பெரும்பாலும் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அதில் ஓடுவது லார்ஜ்மவுத் பாஸ். அது வட அமெரிக்காவின் நன்னீர் மீன். நம் குளங்களில் கிடையாது. ஆனால் ஆன்லைனில் விற்கும் ராட், ரீல், லூர் பெட்டிகளில் பாதிக்கு மேல் அந்த மீனை மனதில் வைத்துச் செய்தவை. அவற்றில் சில நமக்கு அப்படியே பொருந்தும், சில கொஞ்சமும் பொருந்தாது. எது எது என்று தெரியாமல் வாங்கினால் பணம் போகும். நம்மூர்க் கொடுவாவுக்கும் ஆங்கிலத்தில் ‘சீ பாஸ்’ என்று பெயர் உண்டு. ஆஸ்திரேலியாக்காரர்கள் பாரமுண்டி என்று கொண்டாடுவதும் இதே மீனைத்தான். பெயரில் பாஸ் இருப்பதால் அமெரிக்க பாஸின் சாமான் இதற்குப் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். இது அதைவிட முரட்டு மீன்.

இந்த வழிகாட்டி முழுக்க நான் சொல்ல வருவது ஒன்றுதான். லூரில் மிச்சம் பிடியுங்கள். நரம்பு (தூண்டில் நூல்), முள் (தூண்டில் கொக்கி), டிராக் (மீன் இழுத்தால் ரீல் நரம்பை விட்டுக் கொடுக்கும் ஏற்பாடு) மூன்றிலும் மிச்சம் பிடிக்காதீர்கள். மீன் அடிப்பதற்குக் காரணம் லூரின் விலை இல்லை, அது விழுந்த இடம். அடித்த மீன் கைக்கு வராமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று.

முதல் படி: எந்தத் தண்ணீர் என்று முடிவு செய்யுங்கள்

கடைக்குப் போகும் முன் இதை முடிவு செய்துவிட வேண்டும். வீட்டுக்குப் பக்கத்துக் குளத்தில் ஆம்பலும் ஆகாயத்தாமரையும் மூடிக் கிடந்தால், உங்கள் மீன் விரால், உங்கள் லூர் ரப்பர் தவளை. ஆற்றுமுகத்துக்கோ கழிமுகக் கால்வாய்க்கோ போவதாக இருந்தால், பாலத்தூண், கல்கட்டு, தாழம்புதர் ஓரம்தான் உங்கள் களம். அங்கே கொடுவாவும் செம்பல்லியும். இரண்டுக்கும் தனித்தனி செட் வைத்திருப்பவர்கள் உண்டு, ஆனால் தொடங்குகிறவருக்கு அது தேவையில்லை. சரியாகத் தேர்ந்தெடுத்தால் ஒரே ராட், ஒரே ரீல் இரண்டு தண்ணீருக்கும் ஓடும்.

பணத்தை நான் இப்படிப் பிரிப்பேன்: ராட் 1,000, ரீல் 1,200, பிரெய்டு நரம்பு (இழைகளைப் பின்னிச் செய்தது) 450, லீடர் (லூருக்கு முன்னால் இணைக்கும் தடித்த நரம்புத் துண்டு) 150, லூர் எல்லாம் சேர்த்து 500, ஸ்னாப் (லூர் மாட்டும் கிளிப்), நோஸ் பிளையர் போன்ற சில்லறைச் சாமானுக்கு 200. கடைக்குக் கடை விலை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். கூடினால் லூர் கணக்கிலிருந்து எடுங்கள், நரம்பிலிருந்து எடுக்காதீர்கள்.

ராட், ரீல், நரம்பு, பத்து லூர், பெட்டி எல்லாம் சேர்த்து ஒரே விலையில் தரும் காம்போ செட்டைத் தொடவே வேண்டாம். அந்த நரம்பும் அந்த முட்களும் முதல் நல்ல மீனோடு போய்விடும்.

ராட்

7 அடி, இரண்டு துண்டு, ஸ்பின்னிங் வகை, மீடியம் ஹெவி. கடையில் இதைச் சொன்னால் போதும். இரண்டு துண்டாக இருந்தால் பஸ்ஸில் கொண்டுபோகலாம். கரையில் ரப்பரும் தென்னையும் நெருக்கமாக நிற்கும் குளங்களுக்கு மட்டும் போகிறவர் ஆறரை அடி எடுக்கலாம், வீசும்போது கிளையில் மாட்டாது. இழுத்து நீட்டும் டெலஸ்கோப் ராட் பைக்குள் அடங்குகிறதே என்று ஆசை காட்டும். அதன் மூட்டுகள்தான் பலவீனம். செடிக்குள்ளிருந்து ஒரு விராலை இழுத்து எடுக்கும் வேலையை அது தாங்காது.

கைப்பிடிக்கு மேலே ராடின் மீது சின்ன எழுத்தில் லூர் எடை அச்சாகியிருக்கும். 10 முதல் 30 கிராம் வரை என்று இருந்தால் நம் வேலைக்குச் சரி. நாம் வீசப்போகும் தவளை 12 கிராம் அளவில் இருக்கும், ரப்பர் மீனும் ஜிக் ஹெட்டும் (கனமான தலையோடு வரும் முள்) சேர்ந்து 15, ஸ்பூன் என்னும் கரண்டி வடிவ லூர் 20. எல்லாம் இதற்குள் அடங்கிவிடும்.

வாங்கும்போது கையோடு ஒரு பஞ்சுத் துண்டு கொண்டுபோங்கள். நரம்பு ஓடும் வளையங்கள் ஒவ்வொன்றின் உள்ளேயும் அதை விட்டுச் சுற்றி இழுங்கள். எங்காவது ஒரு இழை மாட்டிக்கொண்டால் அங்கே கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறது. அந்தக் கீறல் உங்கள் பிரெய்டை ஒவ்வொரு வீச்சிலும் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

ரீலும் டிராக்கும்

3000 அளவு ஸ்பின்னிங் ரீல், ராடின் அடிப்பக்கம் தொங்குவது. அமெரிக்க வீடியோக்களில் அவர்கள் ராடின் மேல்பக்கம் பொருத்தியிருக்கும் பெய்ட்காஸ்டர் ரீல் பார்க்க அழகு. ஆனால் மலிவான பெய்ட்காஸ்டரில் நரம்பு சிக்கெடுத்தே பொழுது போகும். பட்ஜெட்டில் ஸ்பின்னிங்தான்.

அட்டையில் ‘12 பேரிங்’ என்று போட்டிருப்பதை நம்பி விலை கொடுக்காதீர்கள். மலிவு ரீலில் அந்த எண்ணிக்கைக்கும் தரத்துக்கும் சம்பந்தம் இல்லை. மூன்று விஷயங்களைக் கையால் பாருங்கள். கைப்பிடியைப் பின்பக்கம் அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. பெயில் கம்பியின் (வீசும்போது திறந்து, பிறகு மூடும் கம்பி) ஓரத்தில் நரம்பு உருளும் சின்ன உருளை, விரலால் தள்ளினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் நரம்பு முறுக்கிக்கொள்ளும். மூன்றாவது டிராக். அதுதான் முக்கியம்.

மீன் பலமாக இழுக்கும்போது நரம்பு அறுந்துவிடாமல், ரீல் தானே நரம்பை விட்டுக் கொடுக்கும் ஏற்பாடுதான் டிராக். மலிவு ரீலில் இது விட்டு விட்டு, வெடுக் வெடுக்கென்று விடும். கடையிலேயே டிராக்கைப் பாதி இறுக்கி, நரம்பைக் கையில் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஒரே சீராக வர வேண்டும். தொடங்கும் இடத்தில் சிக்கிக்கொண்டு திடீரென்று வந்தால் அந்த ரீல் வேண்டாம். கொடுவா கரைக்குப் பக்கத்தில் வந்தபின் கடைசியாக ஒரு ஓட்டம் ஓடும், அந்த ஒரு நொடிச் சிக்கலில்தான் அறுபடும்.

வீட்டுக்கு வந்தபின் டிராக்கை அளந்து வையுங்கள். பொதுக் கணக்கு, நரம்பின் பலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை. நம் 30 பவுண்டு நரம்புக்கு அது 4 கிலோ பக்கம். 2 லிட்டர் பாட்டில் இரண்டில் தண்ணீர் நிரப்பினால் 4 கிலோ. நரம்பு நுனியில் இரண்டையும் சேர்த்துக் கட்டி, ராடைப் பாதி சாய்வில் பிடித்துத் தூக்குங்கள். பாட்டில்கள் தரையை விட்டு எழும்பி, பிறகு டிராக் சத்தம் போட்டுக்கொண்டு மெல்ல இறங்க வேண்டும். கழிமுகத்துக்கு அந்த அளவு சரி. விரால் குளத்துக்குப் போகும்போது இன்னும் நன்றாக இறுக்கிக்கொள்ளுங்கள். அங்கே ஓடவிட்டால் அது வேரைச் சுற்றிவிடும், விட்டுக்கொடுக்கவே கூடாது.

நரம்பு: கஞ்சத்தனம் கூடாத இடம்

தங்கூசி (ஒற்றை இழை நைலான் நரம்பு) மலிவு, முடிச்சுப் போட எளிது. ஆனால் அது இழுபடும். இருபது மீட்டர் தள்ளி ஆம்பல் இலைக்கு மேல் விரால் தவளையை விழுங்கும்போது நீங்கள் வெட்டி இழுக்கிற வேகத்தில் பாதி தங்கூசியின் இழுபடலிலேயே தீர்ந்துவிடும். முள் அதன் எலும்பு வாயில் ஏறாது. அதனால் பிரெய்டு. 4 இழைப் பிரெய்டு போதும். 8 இழை வழுவழுவென்று தூரம் போகும், ஆனால் விலை கூடுதல், கல்லிலும் வேரிலும் உரசும் வேலைக்கு 4 இழைதான் தாக்குப்பிடிக்கும்.

பலம் 30 பவுண்டு, நம் கணக்கில் 13 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். குளத்துக்கும் கழிமுகத்துக்கும் ஒரே நரம்பு என்றால் இதுதான் நடுவாக நிற்கும். மலிவு நரம்பில் பவுண்டை நம்பாமல் தடிமனைப் பாருங்கள். நல்ல 30 பவுண்டு பிரெய்டு 0.28 மில்லிமீட்டர் பக்கத்தில் இருக்கும். அதே தடிமனுக்கு 60 பவுண்டு என்று போட்டிருந்தால் அது வெறும் அச்சு.

பிரெய்டை ஸ்பூலில் (ரீலில் நரம்பு சுற்றிக் கிடக்கும் பகுதி) நேரடியாகக் கட்டினால் மொத்த நரம்பும் ஸ்பூலோடு வழுக்கிச் சுற்றும். டிராக் கெட்டுவிட்டதோ என்று குழம்பிப் போவீர்கள். அடியில் நாலைந்து மீட்டர் தங்கூசி சுற்றிவிட்டு அதற்கு மேல் பிரெய்டைச் சுற்றுங்கள். சுற்றும்போது ஈரத்துணியால் பிடித்து இறுக்கமாக ஏற்ற வேண்டும். ஸ்பூல் விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் குறைவாக நிறுத்துங்கள்.

கொடுவாவுக்கு லீடர் கட்டாயம். அதன் வாய்க்குள் கை வைத்துப் பார்த்தால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும், செவுள் மூடியின் விளிம்போ பிளேடு. பிரெய்டு அதில் பட்டால் தீர்ந்தது. 40 பவுண்டு தங்கூசியில் ஒரு மீட்டர் எடுத்துப் பிரெய்டோடு இணைத்துக்கொள்ளுங்கள். விராலுக்கு லீடர் இல்லாமல் நேராகவே கட்டலாம்.

இணைக்க இரட்டை யூனி முடிச்சு போதும். இரண்டு நுனிகளையும் எதிரெதிராக ஒன்றின் மேல் ஒன்று படுக்க வையுங்கள். பிரெய்டு நுனியை மடக்கி ஒரு வளையம் போட்டு, அந்த வளையத்துக்குள் இரண்டு நரம்பையும் சேர்த்து எட்டுச் சுற்று. தங்கூசி நுனியால் எதிர்ப்பக்கம் அதேபோல் நாலு சுற்று. எச்சிலால் நனைத்து, இரண்டு முடிச்சும் ஒன்றையொன்று முட்டும்வரை மெதுவாக இழுங்கள். காய்ந்தபடி வேகமாக இழுத்தால் சூட்டில் தங்கூசி வெந்து பலம் போய்விடும். முடித்தபின் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு முழுப் பலத்தோடு இழுத்துப் பாருங்கள். அறுவதானால் வீட்டில் அறட்டும்.

லூர்: மூன்று வகை போதும்

ரப்பர் தவளை இரண்டு, 5–6 சென்டிமீட்டர் நீளம். பாஸ் மீனுக்கென்று செய்த சாமானில் நமக்கு நூற்றுக்கு நூறு பொருந்துவது இதுதான். அங்கே அல்லி இலை மேல் ஓட்டச் செய்தது, இங்கே ஆம்பல் மேல் ஓடுகிறது. உள்ளே காற்று, முதுகோடு ஒட்டிய இரட்டை முள், செடியில் மாட்டாது. வாங்கும்போது தவளையை இரண்டு விரலால் அமுக்குங்கள். உடல் உள்ளே போய் இரண்டு முனைகளும் தெளிவாக வெளியே தெரிய வேண்டும். ரப்பர் தடித்து அமுங்க மறுத்தால், விரால் கடித்தாலும் முள் வெளியே வராது. முள் முதுகோடு அளவுக்கு மீறி ஒட்டியிருந்தால் பிளையரால் மிக லேசாக மேலே தூக்கிவிடலாம். மலிவுத் தவளையில் முன் கண்ணி வழியாகத் தண்ணீர் ஏறி மூழ்கும், ஒரு சொட்டுப் பசை விட்டு அடையுங்கள். நிறத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கீழேயிருந்து பார்க்கும் விராலுக்கு வானத்தை எதிர்த்து ஒரு நிழல்தான் தெரியும். கறுப்பு ஒன்று, பச்சையோ மஞ்சளோ ஒன்று.

இரண்டாவது, வால் ஆட்டும் ரப்பர் மீன். 3 அல்லது 4 அங்குலம், 10 கிராம் ஜிக் ஹெட்டில் கோத்தது. கழிமுகத்தில் இதற்கு மிஞ்சி ஒன்றும் இல்லை என்பேன். கிழிந்தாலும் உடல் மட்டும்தான் போகும், ஜிக் ஹெட் மிஞ்சும். அதனால்தான் பட்ஜெட்காரருக்கு இது வரம். கோக்கும்போது முள் வெளியே வரவேண்டிய இடத்தை முதலில் உடல்மேல் வைத்து அளந்து கொண்டு, நேர்கோட்டில் விடுங்கள். கொஞ்சம் வளைந்தாலும் தண்ணீரில் பக்கவாட்டில் சுழலும், மீன் திரும்பிக்கூடப் பார்க்காது. ஜிக் ஹெட்டின் முள் பிளையரால் சுலபமாக வளைந்தால் கடையிலேயே வைத்துவிடுங்கள். தெளிந்த தண்ணீருக்கு வெள்ளை அல்லது வெள்ளி, மழைக்குப் பிந்திய கலங்கல் தண்ணீருக்குக் கறுப்பு அல்லது பொன் நிறம்.

மூன்றாவது ஸ்பூன், 20 கிராம். இதைக் காசு கொடுத்து வாங்கவே வேண்டியதில்லை. பழைய எவர்சில்வர் கரண்டியின் காம்பை வெட்டிவிட்டு, குழிந்த பகுதியின் இரண்டு முனையிலும் ட்ரில்லில் ஓட்டை போட்டு, விளிம்பை அரத்தால் மழுக்கி, பின்னால் வளையத்தோடு ஒரு முள் மாட்டினால் முடிந்தது. காற்று எதிர்த்து அடிக்கும் பொழிமுகத்தில் தூரம் போக இதுதான் கைகொடுக்கும்.

கைக்குப் பணம் வந்தபின் நாலாவதாக 9 முதல் 11 சென்டிமீட்டர் மின்னோ (மீன் வடிவக் கெட்டி பிளாஸ்டிக் லூர்) ஒன்று சேர்க்கலாம், மேல்மட்டத்தில் ஓடும் வகை. ஆழத்தில் இறங்கும் நீண்ட உதடுள்ள கிராங்க்பெய்ட் நம் ஆழமில்லாத குளங்களுக்கு ஆகாது, ஒவ்வொரு வீச்சிலும் பாசியை அள்ளிக்கொண்டு வரும். மலிவு மின்னோ வாங்கினால் அதோடு வரும் முட்களையும் வளையங்களையும் கழற்றிப் போட்டுவிட்டு, உப்புத் தண்ணீருக்கென்று விற்கும் தடித்த முள் மாட்டுங்கள். பாஸுக்குச் செய்த மெல்லிய முள்ளைக் கொடுவா நிமிர்த்திவிடும். முள்ளின் எடை கூடியபின் லூர் சாய்ந்து ஓடுகிறதா என்று ஒரு தொட்டித் தண்ணீரில் இழுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். சாய்ந்தால் மூக்கிலுள்ள கண்ணியை எதிர்ப்பக்கம் ஒரு துளி வளைத்தால் நேராகும்.

தண்ணீரில் இறக்குவது

தவளையைக் காலியான தண்ணீரில் வீசாதீர்கள். இலைக்கூட்டத்தின் மேல் போட்டு, தத்தித் தத்தி இழுத்து, இலைகளுக்கு நடுவே ஓட்டை தெரியும் இடத்தில் இறக்கி நிறுத்துங்கள். அந்த நிறுத்தத்தில்தான் அடி விழும். சத்தம் கேட்டவுடன் வெட்டினால் தவளை மட்டும் பறந்து வரும். ராடைத் தாழ்த்தி, ஒன்று, இரண்டு என்று எண்ணி, நரம்பில் கனம் தெரிந்தபின் மேல்நோக்கி ஒரே வெட்டு. பிறகு நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

கழிமுகத்தில் எங்கே வீசுவது என்பதை எப்போது வீசுவது என்பது தீர்மானிக்கும். “தண்ணி ஓடணும் மக்கா, நின்ன தண்ணியில கொடுவா வாயத் தொறக்காது” என்று தேங்காப்பட்டணம் கரையில் ஒரு பெரியவர் சொன்னார். அவர் சொன்னதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை. நம் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரைத் தொட்டாலே அதிகம், ஆனாலும் அந்தக் கொஞ்ச ஓட்டத்தில்தான் சின்ன மீன் தூணோரம் ஒதுங்கும், கொடுவா அதன் பின்னால் நிற்கும். ரப்பர் மீனை ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கம் மேலே வீசி, தரை தொடவிட்டு, இரண்டு தூக்கு, ஒரு காத்திருப்பு. மழை பெய்து பொழி (ஆற்றுமுகத்தை அடைக்கும் மணல்திட்டு) உடைந்து ஆற்றுத் தண்ணீர் வெளியேறும் நாட்களை விட்டுவிடாதீர்கள். செம்பல்லி அடித்தால் யோசிக்கவே நேரம் இல்லை, அடித்த மறுநொடி கல்லுக்குள் ஓடும். முதல் இரண்டு மீட்டரில் அதைத் திருப்பியாக வேண்டும்.

வீசியபின் பெயில் கம்பியைக் கைப்பிடி சுற்றி மூடாதீர்கள், கையால் மூடுங்கள். பிரெய்டில் விழும் முக்கால்வாசிச் சிக்கல் இதிலேயே தீரும்.

கேட்டுவிட்டு வீசுங்கள்

ஊர்க் குளங்கள் பெரும்பாலும் மீன் குத்தகைக்கு விட்டவை. குத்தகைக்காரர் மீன்குஞ்சு வாங்கி விட்டிருப்பார். “அண்ணே, விராலுக்கு மட்டும் கொஞ்ச நேரம் வீசிக்கட்டுமா” என்று கேட்டால் பலரும் சரி என்பார்கள், ஏனென்றால் விரால் அவர்கள் விட்ட குஞ்சைத் தின்னும் மீன். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி போன்ற அணைகளில் அனுமதி இல்லாமல் தூண்டில் போடக் கூடாது. சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022இல் ராம்சர் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தவை, பறவைகளுக்கானவை. அறுந்த பிரெய்டு ஒரு முழம் போதும் ஒரு கொக்கின் காலை இறுக்க. அந்தப் பக்கம் வேண்டாம்.

தண்ணீர் மட்டத்தில் செந்நிறக் குஞ்சுக் கூட்டம் கொப்பளித்துக்கொண்டு நகர்ந்தால் கீழே தாய் தகப்பன் விரால் காவலுக்கு நிற்கிறது. அதன் மேல் தவளையைப் போட்டால் பசியில் இல்லை, கோபத்தில் கட்டாயம் அடிக்கும். அதைத் தூக்கிவிட்டால் அந்தக் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும். தயவுசெய்து வேறு மூலைக்கு நகருங்கள். கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து, பெரிதான பிறகு பெண்ணாக மாறும் மீன். ஆகவே பெருங்கொடுவா பெரும்பாலும் முட்டையிடுகிறவை. படம் எடுத்துக்கொண்டு ஈரக் கையால் தாங்கித் திருப்பி விட்டால் அடுத்த வருஷத்துக்கும் மீன் இருக்கும். செவுளுக்குள் கை விடாதீர்கள், அந்த விளிம்பு விரலை ஆழமாக வெட்டும், கீழ்த்தாடையைப் பிடியுங்கள்.

வீடு திரும்பியபின்

உப்புத் தண்ணீருக்குப் போய்வந்த அன்றே வேலையை முடித்துவிட வேண்டும், மறுநாள் காலைக்குத் தள்ளினால் உப்பு இறுகிவிடும். டிராக்கை இறுக்கி மூடி, குழாய்த் தண்ணீரை மெல்லத் திறந்து ரீலையும் ராட் வளையங்களையும் நனையுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளே போய்விடும். துடைத்து, டிராக்கை முழுவதும் தளர்த்தி நிழலில் காயவையுங்கள். தளர்த்தாமல் வைத்தால் உள்ளேயிருக்கும் வட்டுகள் ஒட்டிக்கொண்டு அடுத்த முறை வெடுக்கென்று விடும். உருளையிலும் கைப்பிடி மூட்டிலும் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய். லூர்களை ஒரு டம்ளர் நல்ல தண்ணீரில் முக்கி எடுத்து, முழுக்கக் காய்ந்தபின் பெட்டியில் போடுங்கள். ஈரமான ஒரு முள் போதும், பெட்டியில் உள்ள எல்லா முள்ளுக்கும் துரு ஏற்றிவிடும். ரப்பர் மீனையும் பிளாஸ்டிக் மின்னோவையும் ஒரே அறையில் வைக்காதீர்கள், ரப்பர் உருகி மற்றதில் ஒட்டிக்கொள்ளும். லீடரை நகத்தால் நீவிப் பார்த்து, சொரசொரப்புத் தெரிந்தால் அந்த இடம் வரை வெட்டிவிட்டுப் புதிதாக முடிச்சுப் போட்டு வையுங்கள்.